லிஃப்ட்காரர் கையெழுத்துப் போட்ட நாள்

பணிநிறைவு பெறும் எங்கள் தொழிற்பழகுநர் பதிவு அலுவலர் ஐயா அவர்களுக்கு அலுவலகத்தார் கூடி வாசித்தளிக்கும் மடல்

பட்டறைதோறும் படியேறிப் பழகுநர்க்குப் பாதை சமைத்த பண்பாளரே! வேலை தேடி வந்தோரின் வியர்வையை வீணாக்க விடாத வித்தகரே! முகம் சுளித்த முதலாளிமாரின் முற்றத்திலும் முகம் கோணாது நின்ற முன்னவரே! கோப்புக் குவியலின் நடுவே குனிந்திருந்தும் குறை சொல்ல வந்தவரின் குரலுக்குத் தலை நிமிர்ந்த குணக்குன்றே! இன்று மாலையோடு தாங்கள் இந்த மேசையை விட்டு எழுகிறீர்கள். எங்கள் அனைவரின் வணக்கமும் தங்களுக்கு உரியது.

இதே நடையில் இன்னும் ஒரு பக்கம் போக வேண்டும் என்றுதான் தொடங்கினோம், ஐயா. வழக்கம் அதுதான். ஆனால் நான்காவது அடைமொழியிலேயே எங்களுக்கு மூச்சு வாங்கிவிட்டது. சென்ற ஆண்டு கண்காணிப்பாளருக்கு விடைகொடுத்தபோது அவரைக் கடலென்றும் மலையென்றும் எழுதி வாசித்தோம்; முடிப்பதற்குள் மேடையில் இருந்த அவரே கொட்டாவி விட்டார். இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுபவரும், "ஒரு பக்கத்துக்குள்ள முடிங்க, இல்லாட்டி எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆயிடும்" என்று சொல்லியனுப்பியிருந்தார். ஒரு பக்கத்துக்குள் முடியவில்லை. எறும்பானாலும் பரவாயில்லை, தங்களிடம் ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆண்டு முடிவு அறிக்கை, அதற்கு மேல் திருத்திய அறிக்கை, திருத்தியதில் பிழை கண்டு கேட்ட விளக்கம் என்று இந்தக் காலாண்டு முழுக்க எவரும் நிமிரவில்லை. இந்த அலுவலகத்தில் எல்லாரையும்விட அலுத்துப் போனவர் தாங்கள். கடந்த சில வாரங்களாகத் தாங்கள் பேசும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பதை நாங்கள் கவனித்துக்கொண்டுதான் இருந்தோம். காரணமும் தெரியும். அந்தக் காரணத்தைப் பற்றித்தான் இம்மடல்.

அதற்கு முன், அவையில் அமர்ந்திருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் தங்கள் பணி இன்னதென்று சொல்ல வேண்டும். தங்கள் சம்பந்தியே வாசலில் எங்கள் ஓட்டுநரைப் பிடித்து, "பதிவு ஆபீஸ்னா என்ன பதிவு, வீடா கல்யாணமா?" என்று கேட்டார். எங்கள் ஓட்டுநர் சளைத்தவரா? "கல்யாணம் மாதிரின்னு வெச்சுக்கங்க சார். ரெண்டு பேர் சேர்ந்து வந்து சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போடுவாங்க. ஆறு மாசத்துல தனித்தனியா வந்து அழுவாங்க" என்றார். அவர் சொன்னதில் பெரிய தவறில்லை. வேலை தேடும் ஒருவரும் ஆள் தேடும் ஒரு முதலாளியும் இங்கே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். அன்று முதல் அவர் அங்கே சம்பளத்தோடு வேலை பழகுவார், வாரத்தில் ஒரு நாள் வகுப்புக்குப் போவார், காலம் முடிந்ததும் தேர்வெழுதுவார். 'இவருக்கு முழுப் பயிற்சியும் தந்தேன்' என்று முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சான்றிதழ் கிடைக்கும். அவ்வளவுதான் விஷயம். இந்த அவ்வளவுக்காகத்தான் தாங்கள் இத்தனை காலம் செருப்புத் தேய நடந்தீர்கள்.

நடந்து போய்த் தாங்கள் ஆற்றிய உரையை எங்களில் எவரை எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். வேலை தேடுகிறவரிடம்: "கத்துக்கும்போதே சம்பளம். கடன் வாங்கிப் படிக்க வேண்டாம். முடிச்சா கையில ஒரு சான்றிதழ், அது எந்த ஊர்லயும் செல்லும்." முதலாளியிடம்: "உங்க வேலை முறைக்கே பழகின ஆள் கிடைப்பாங்க. முதல் வருஷம் நீங்க கத்துவீங்க, ரெண்டாவது வருஷம் அவங்க வேலையைத் தாங்குவாங்க. ஆள் இல்ல ஆள் இல்லன்னு அல்லாட வேண்டாம்." எந்த இடத்தில் தாங்கள் இருமுவீர்கள் என்பதுகூட எங்களுக்கு மனப்பாடம். பழகுநர் சரியில்லை என்று எந்த முதலாளி தொலைபேசியில் கத்தினாலும் தங்கள் பதில் ஒன்றுதான்: "மூணு மாசம் பொறுங்க." அதனால் பட்டறைக்காரர்கள் நடுவே தங்கள் பெயரே 'மூணு மாசம்' ஆகிப்போனது. "மூணு மாசம் வர்றாருடா" என்று சொல்லிவிட்டுத்தான் அவர்கள் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். இது தங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தோம். போன மாதம் ஒரு கடைக்காரருக்குத் தொலைபேசியில் தாங்களே, "நான்தான் மூணு மாசம் பேசறேன்" என்று சொன்னபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

அந்த உரையைத் தாங்கள் நிறுத்திவிட்டீர்கள், ஐயா. மூன்று வாரமாக ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. படிவத்தைக் கொடுக்கிறீர்கள், கையெழுத்து வாங்குகிறீர்கள், "சரி, போய்ட்டு வாங்க" என்கிறீர்கள். லிஃப்ட்காரர் விவகாரத்துக்குப் பிறகுதான் இப்படி. இன்று அவரை விழாவுக்கு அழைத்திருக்கிறோம் என்று தெரிந்ததும், "அவரை ஏம்பா கூப்பிட்டீங்க?" என்று மெல்லிய குரலில் கேட்டீர்கள். மூன்றாவது வரிசையில் முழங்காலை நீட்டி அமர்ந்திருப்பவர் அவர்தான். அவர் எங்கள் அறையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இப்போது வாசிக்கப் போகிறோம். அவையில் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டோம். "தாராளமாச் சொல்லுங்க. என்கிட்ட இனிமே போக மானம் பாக்கியில்ல" என்றார்.

லிஃப்ட்காரர் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கடை என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டு முன்னறையில் ஒரு மேசை, கம்பிச் சுருள்கள், எண்ணெய் டப்பாக்கள், எப்போதும் அலறும் ஒரு தொலைபேசி. அதை எடுப்பவர் அவர் மனைவி. லிஃப்ட் நின்றுவிட்டால் ஆறாவது மாடிக்காரர்கள் என்ன பேச்செல்லாம் பேசுவார்கள் என்பது அந்த அம்மாவுக்குத்தான் தெரியும்.

இந்த வேலையில் ஒரு கட்டாயம் உண்டு, இதைத் தனியாளாகச் செய்ய முடியாது. மொட்டை மாடியில் மோட்டார் அறையில் ஒருவர் நிற்க வேண்டும், கீழே லிஃப்ட் கூண்டின் தலைமேல் இன்னொருவர் நிற்க வேண்டும். மேலே இருப்பவர் நிறுத்தினால்தான் கீழே இருப்பவருக்கு உயிர். லிஃப்ட்காரருக்கு வெகுகாலம் அந்த இரண்டாவது ஆளாக இருந்தவர் அவர் மச்சினன். ஒரு நாள் அவன் வாடகைக் கார் ஓட்டப் போகிறேன் என்று போய்விட்டான். அதன்பின் வந்தவர்கள் எல்லாரும் வந்த வேகத்தில் போனார்கள். ஒருவர் ஏணியையும் எடுத்துக்கொண்டு போனார்.

அப்படி அவர் நொந்து கிடந்த நேரத்தில்தான் தாங்கள் போய் உரையாற்றினீர்கள். ஆறு முறை மறுத்துவிட்டு ஏழாவது முறை அவர் ஒத்துக்கொண்டார். பதிவுக்கு வந்தது முப்பத்தாறு வயதுப் பெண் ஒருவர். மூடிப்போன ஒரு பெட்டி கட்டும் நிறுவனத்தில் இருந்தவர், அதற்கும் முன்னால் நான்கு ஆண்டு மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் இருந்தவர். லிஃப்ட்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பதிவு கிதிவு எல்லாம் எதுக்கும்மா, நாளைக்கே வேலைக்கு வந்துடேன், பார்த்துக்கலாம்" என்றாராம். அந்தப் பெண் அசையவில்லை.

"இல்லண்ணே. மோட்டார் கடையிலயும் பார்த்துக்கலாம்னுதான் சொன்னாங்க. இந்தக் கையால எத்தனை மோட்டார் சுத்தியிருப்பேன் தெரியுமா? அங்கிருந்து வெளிய வந்து வேற இடத்துல வேலை கேட்டேன். அவங்க போன் போட்டு விசாரிச்சா, மோட்டார் கடைக்காரர், அந்தப் பொண்ணா, அது டீ வாங்கிட்டு வரும்னு சொல்லிட்டார். எழுத்துல இருந்தா வர்றேன். இல்லாட்டி வேண்டாம்."

எழுத்தில் வந்தார். முதல் சில மாதங்கள் லிஃப்ட்காரர் கத்தினார். உயரத்தைப் பார்த்தால் அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டார், அதற்கும் கத்தினார். வாரம் ஒரு நாள் வகுப்புக்குப் போனார், அன்றைக்கு யார் மேலே நிற்பது என்று கத்தினார். பதிவை ரத்து செய்யுங்கள் என்று தங்களிடமே வந்தார். எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஓடாததால் மூன்று மாடி ஏறி வந்தார், அதற்கும் சேர்த்துத் திட்டினார். தாங்கள் வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்பினீர்கள்.

இரண்டாம் ஆண்டில் தாங்கள் சொன்னபடியேதான் நடந்தது. மோட்டார் அறையை அந்தப் பெண் தனியாகப் பார்த்துக்கொண்டார். சத்தத்தைக் கேட்டே எந்தக் கதவு மாட்டுகிறது என்று சொன்னார். லிஃப்ட்காரர் புதிதாகச் சில கட்டடங்களைத் துணிந்து ஒத்துக்கொண்டார். பல வருடத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் படுத்துத் தூங்கினார். அவர் மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாராம்.

பயிற்சி முடிந்தது. தேர்விலும் அந்தப் பெண் தேறிவிட்டார். அப்போதுதான் அவர் அந்தச் செய்தியைச் சொன்னார். "அண்ணே, ஆஸ்பத்திரியில லிஃப்ட் பார்க்க ஆள் கேக்கறாங்க. சான்றிதழ் கொண்டு போனா மாசக் கடைசிக்குள்ள சேர்த்துக்கறாங்களாம். நிலையான வேலைண்ணே. எங்க வீட்டுக்காரருக்கு வேலை என்னிக்கு இருக்குது, என்னிக்கு இல்லன்னே தெரியல. பொண்ணு வேற பெரிய வகுப்புக்குப் போறா."

"நல்லதும்மா" என்றார் லிஃப்ட்காரர். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது என்று எங்களிடம் சொன்னார்.

பயிற்சி நிறைவுப் படிவம் அவரிடம் இருந்தது. அதில் அவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லை. நாளைக்கு என்றார், பேனா இல்லை என்றார், படிக்கக் கண்ணாடி எடுத்து வரவில்லை என்றார். அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் ஒரு முறை மட்டும் கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். முதலாளி கையெழுத்துப் போடாவிட்டால் நம் அலுவலகம் விசாரணை நடத்திச் சான்றிதழ் தரலாம். ஆனால் நம் விசாரணையின் வேகம் நமக்குத் தெரியும். அது முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் வேறொருவர் சேர்ந்து பதவி உயர்வும் வாங்கியிருப்பார்.

வீட்டில் மனைவி ஒரு நாள் கேட்டேவிட்டார். "போட்டுக் குடுத்துத் தொலைங்களேன். அது மூஞ்சியைப் பார்க்க முடியல."

"போட்டா நாளைக்கு மேல யாரு நிக்கிறது? நீயா?"

"நிக்கிறேன். சொல்லிக் குடுங்க."

"உனக்கு ஸ்டூல்ல ஏறினாலே தலை சுத்தும்."

"ஆள் இல்லாமப் போறது என் தலையெழுத்துன்னா நான் படறேன். அது என்ன பாவம் பண்ணிச்சு?"

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தாங்கள் அவரைத் தேடிப் போனீர்கள். அன்று காலையிலேயே இரண்டு பட்டறைகளில் தங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை என்பது எங்கள் ஓட்டுநருக்குத் தெரியும். லிஃப்ட்காரர் ஓர் எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்தார். பழுதானது லிஃப்ட் என்பதால் தாங்களும் படியேறித்தான் போக வேண்டியிருந்தது. மோட்டார் அறை வாசலில் தாங்கள் வந்து நின்றபோது முகம் வெளிறிப் போயிருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவே நேரமாயிற்று என்றார் லிஃப்ட்காரர்.

அவர் சண்டைக்குத் தயாராக இருந்தார். தங்கள் உரையின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். தாங்களோ கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்து சும்மா இருந்தீர்கள்.

"என்ன சார், ஆரம்பிங்க" என்றார்.

"என்னத்த ஆரம்பிக்கிறது?"

"அதான், ரெண்டாவது வருஷம் வேலையைத் தாங்குவாங்க, ஆள் கிடைக்கும், எல்லாம்."

"உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கே. எனக்கு அலுப்பா இருக்கு."

வைத்திருந்த பதில்களை எல்லாம் என்ன செய்வதென்று அவருக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் ஒரு திருகாணியைத் திருகினார். பிறகு கேட்டார். "கையெழுத்துப் போட்டா அந்தப் பொண்ணு போயிடும்ல சார்?"

"போயிடும்."

"இருந்துடும், நன்றி இருக்கும், அப்படி எதுவும் சொல்ல மாட்டீங்களா?"

"சொல்லலாம். பொய்யாப் போயிடும்."

"அப்ப எனக்கு என்ன லாபம்? ரெண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். எவனோ அலுங்காம வந்து கொத்திட்டுப் போறான். நான் என்ன அவங்களுக்கு ஆள் பழக்கிக் குடுக்கற கூலியா?"

"ரெண்டு வருஷம் அந்தப் பொண்ணு மாடி ஏறினதுல உங்க முட்டி பொழைச்சுது. அது லாபம். அதுக்கு மேல எனக்குத் தெரியல."

"வேற ஆள் வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம்."

"என்ன சார் இப்படிப் பேசறீங்க? ஊருக்கே தெம்பு சொல்ற ஆளு நீங்க."

"இன்னும் நாலு வாரத்துல வீட்டுக்குப் போறேன். தெம்பெல்லாம் தீர்ந்து போச்சு" என்றீர்கள். அதற்குப் பிறகு தாங்கள் சொன்னதைத்தான் லிஃப்ட்காரரால் மறக்க முடியவில்லையாம். "ஒண்ணு மட்டும் தெரியும். நீங்க போடலைன்னா அந்தப் பொண்ணு ரெண்டாவது தடவையும் டீ வாங்கிட்டு வந்ததா ஆயிடும்."

அவர் திருகாணியைத் திருகுவதை நிறுத்தினார். கீழே கூண்டின் மேலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "அண்ணே, எல்லாம் இங்க கேக்குது. கீழ நான் தயார். மேல ஓட்டப் போறீங்களா இல்லையா?"

லிஃப்ட்காரர் தங்கள் சட்டைப்பையில் இருந்து பேனாவை உருவினார், தன் பையில் கசங்கிக் கிடந்த படிவத்தை எடுத்துச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார், "போய்த் தொலையட்டும்" என்றார். அப்போது கண் கலங்கியதாக ஒத்துக்கொண்டார். கையில் இருந்த எண்ணெய் கண்ணில் பட்டதாகவும் சொன்னார். இரண்டும் நடந்திருக்கலாம்.

தாங்கள் அலுவலகத்துக்குத் திரும்பி, "போட்டுட்டார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேசையில் தலை சாய்த்தீர்கள். ஒரு நல்ல காரியம் முடித்து வந்தவரைப் போல இல்லை. அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அடுத்த வாரமே லிஃப்ட்காரர் சில கட்டடங்களைக் கைவிட்டார் என்ற செய்தி வந்தது. அவர் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னவற்றை எங்கள் முகப்பு எழுத்தர்தான் கேட்டார். இந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவற்றை எழுத முடியாது. தங்களிடம் எழுத்தர் அதைச் சொல்லவில்லை என்றாலும் தங்களுக்குத் தெரிந்துவிட்டது. அன்றோடு உரை நின்றது. காலமெல்லாம் முதலாளிமாரிடம் பொய் சொல்லியிருக்கிறோமோ என்று தாங்கள் எங்கள் தட்டச்சரிடம் கேட்டீர்கள். அவருக்கும் அது தெரியாது.

இனி வாசிக்கப் போவது தங்களுக்குத் தெரியாதது.

பத்து நாளைக்கு முன், தாங்கள் வெளியே போயிருந்த ஒரு மதியம், முகப்பு மேசைக்கு ஒருவர் வந்தார். நாற்பதை நெருங்கிய ஆள். மனைவிக்கு இந்த ஊருக்கு மாற்றலாகிக் குடும்பத்தோடு வந்தவர். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சான்றிதழ். "வேற ஊர்ல பதிஞ்சு முடிச்சதுங்க. லிஃப்ட் வேலை. இது இங்க செல்லுமா?" என்று கேட்டார். "எந்த ஊர்லயும் செல்லும்" என்று முகப்பு எழுத்தர் தங்கள் குரலிலேயே சொல்லி, லிஃப்ட்காரரின் முகவரியை எழுதிக் கொடுத்தார். இருமவும் செய்தாராம்.

லிஃப்ட்காரர் நம்பவில்லை. சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு கட்டடத்துக்கு அழைத்துப் போனார். மோட்டார் அறைக்குள் போனதும், யாரும் சொல்லாமலே அந்த ஆள் மெயின் சுவிட்சை அணைத்தார், தன் பையிலிருந்து ஒரு சின்னப் பூட்டை எடுத்து, வேறெவரும் சுவிட்சைப் போட்டுவிடாதபடி அதில் மாட்டிப் பூட்டினார், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். லிஃப்ட்காரர் இத்தனை வருடத்தில் ஒரு முறைகூடப் பூட்டுப் போட்டதில்லை, வாயால் சொல்வதோடு சரி.

"இது யார் சொல்லிக் குடுத்தது?"

"எங்க முதலாளிங்க. பூட்டு போடாம கூண்டு மேல காலை வெச்சா வீட்டுக்கு அனுப்பிடுவார்."

"வர விட்டாரா உங்களை?"

"எங்கங்க. ஒரு மாசம் இழுத்தடிச்சார். நான் பேசினா மூஞ்சியைத் திருப்பிக்குவார். அப்புறம் ஒரு நாள் அவரே கையெழுத்துப் போட்டு மேசை மேல எறிஞ்சுட்டு, இனிமே என் கண்ணுல படாதன்னு சொல்லிட்டார்."

லிஃப்ட்காரர் மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னபடியே எழுதுகிறோம்: "எங்கேயோ ஒரு மனுஷன் என்னை மாதிரியே வயிறு எரிஞ்சு போட்ட கையெழுத்து சார் அது. அது என் வீட்டு வாசலுக்கு நடந்து வந்திருக்கு." அவர் அந்த முதலாளியின் எண்ணைக் கேட்டு வாங்கி, அங்கிருந்தே கூப்பிட்டார்.

எடுத்தவர் குரலில் எரிச்சல். "யாரு?"

"நான் லிஃப்ட் வேலை பார்க்கறவன். உங்ககிட்ட இருந்தவர் இப்ப என்கிட்ட வந்திருக்கார்."

"என்ன உடைச்சான்?"

"ஒண்ணும் உடைக்கல."

"அப்ப எதுக்கு போன் பண்றீங்க?"

எதற்கென்று லிஃப்ட்காரருக்கே சரியாகத் தெரியவில்லை. "நல்லாப் பழக்கியிருக்கீங்க. அதைச் சொல்லலாம்னுதான்" என்றார்.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இவர் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு அந்தக் குரல் வந்தது. எரிச்சல் போயிருந்தது. "காலையில சாப்பிடாம மேல ஏறுவான். ஏற விடாதீங்க."

"சரிங்க. விட மாட்டேன்."

"பூட்டு?"

"போட்டார்."

"ம்."

"உங்களுக்கு இப்ப ஆள் இருக்கா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"எங்க இருக்கு? தனியாக் கிடந்து சாகறேன்."

"உங்க ஊர்லயும் பதிவு ஆபீஸ் இருக்கும். போய் ஒருத்தரைப் பதிஞ்சுக்கங்க."

"பதிஞ்சா? ரெண்டு வருஷத்துல போயிடுவான்."

"போயிடுவாங்க" என்றார் லிஃப்ட்காரர். "இருந்தாலும் பதிஞ்சுக்கங்க."

ஐயா, இதைத் தாங்கள் சொல்லவில்லை, நாங்களும் சொல்லிக் கொடுக்கவில்லை. மறுநாள் காலை, தாங்கள் பட்டறைகளுக்குப் போயிருந்த நேரத்தில், மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க, நம் கட்டடத்தைத் திட்டிக்கொண்டே அவர் வந்து, இன்னும் ஒருவரைப் பழகுநராகப் பதிந்துவிட்டுப் போனார். கைவிட்ட கட்டடங்களில் பாதி திரும்பி வந்துவிட்டன. மீதியும் வரும் என்று அவர் மனைவி சொல்கிறார், தொலைபேசியை எடுப்பவர் அவர்தானே. தாங்கள் இதுவரை சொல்லிவந்ததில் எதுவும் பொய்யில்லை. அது வந்து சேரத்தான் நேரமாகிறது. பழக்கியவர் வீட்டு வாசலுக்கே வராமல் வேறு யாரோ ஒருவர் வாசலுக்குப் போகிறது, அதனால் இங்கே உட்கார்ந்திருந்த நம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. எத்தனை பேர் வாசலுக்குப் போயிருக்கும் என்று நேற்று நாங்கள் பேசிப் பார்த்தோம். கணக்குப் பிடிபடவில்லை, விட்டுவிட்டோம்.

அலுப்பறியாது உழைத்தவரே என்று தங்களைப் புகழ மாட்டோம். அலுப்பை அறிந்தும் படியேறியவர் தாங்கள். பேச்சு வற்றிய நாளிலும் பொய் சொல்லாத பெருந்தகை தாங்கள். நாளைக் காலை விழிப்பு வந்ததும் இன்று எந்தப் பட்டறை என்ற நினைப்பு எழாதிருப்பதாக! எழுந்தாலும் மறுபக்கம் புரண்டு மறுபடி உறங்குவீராக! மூட்டில் நோவின்றி, மூச்சில் இளைப்பின்றி, பேரப்பிள்ளைகளின் சண்டையைத் தவிர வேறெந்தப் புகாரும் காதில் விழாமல், பல்லாண்டு இனிதே வாழ்வீராக! நாளை முதல் அந்த உரையை யார் சொல்வது என்று நாங்கள் சீட்டுப் போட்டுப் பார்த்தோம். முகப்பு எழுத்தருக்கு விழுந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

லிஃப்ட்காரர் தன் பேரையும் இதில் சேர்க்கச் சொன்னார். முதலாளிமார் கையெழுத்துக்கு இந்த மடலில் இடமில்லை, இது அலுவலகத்தார் மட்டும் போடுவது என்று விளக்கினோம். அவர் கேட்கவில்லை. மடலை வாங்கி, நாங்கள் தடுப்பதற்குள், எல்லாருக்கும் மேலே போட்டுவிட்டார். ஓரத்தில் எண்ணெய்க் கறை பட்டிருக்கிறது. மன்னிக்கவும்.

தங்கள் பிரிவைத் தாங்கிக்கொள்ளப் போகும்,

லிஃப்ட்காரர்

மற்றும்

முகப்பு எழுத்தர், தட்டச்சர், கோப்பறைக் காப்பாளர், ஆய்வு உதவியாளர்கள் இருவர், ஓட்டுநர்,
தொழிற்பழகுநர் பதிவு அலுவலகம், மூன்றாம் மாடி